முடக்குவாதமும் புகையும் தூசியும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் முடக்குவாதம் என்பதைத்தான் டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். பெரியவர்கள் சிலர் சரவாங்கி என்பார்கள். சீட்டில் ஆர்.ஏ. என்று இரண்டெழுத்துதான் இருக்கும். கோரிமேட்டு ஜிப்மரிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளோடு பேச்சுக் கொடுத்தால், மருந்தைப் பற்றிய கேள்விக்கு முன்னால் வருவது “எனக்கு ஏன் வந்தது?” என்பதுதான். இந்தப் பக்கம் அந்தக் கேள்வியைச் சுற்றியே எழுதப்பட்டது. மாத்திரை அளவு, ஊசி விவரம் எதுவும் இதில் இல்லை. அவை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை.

இது வயசானால் வருகிற மூட்டுத் தேய்மானம்தானே?

இல்லை. தேய்மானத்தில் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு நாள்பட நைந்துபோகிறது. பெரும்பாலும் முழங்காலும் இடுப்பும்தான் அதில் மாட்டும். முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. 30, 40 வயதில் தொடங்குவது சாதாரணம். விரல் கணுக்கள், மணிக்கட்டு, முன்பாதம் என்று சின்ன மூட்டுகள் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் வீங்கும். காலையில் எழுந்ததும் கை மடங்காது. அந்த இறுக்கம் தளர ஒரு மணி நேரம்கூட ஆகும்.

டெல்லிக்கு அருகே கிராமப்புறத்தில் எடுத்து 1993இல் வெளியான கணக்குப்படி பெரியவர்களில் சுமார் 0.75 சதவீதம் பேருக்கு இது இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

புகை பிடித்தால் முடக்குவாதம் வரும் என்பது உறுதிதானா?

புகைக்கும் எல்லாருக்கும் வராது. புகைக்காதவருக்கு வரவே வராது என்றும் இல்லை. ஆனால் இந்த நோய்க்குச் சுற்றுப்புறத்தில் தேடிப் பார்த்த காரணங்களில் புகையிலைப் புகைக்கு இருக்கும் அளவு ஆதாரம் வேறு எதற்கும் இல்லை.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஒரு கணக்கு இப்படிச் சொல்கிறது: புகைக்காத ஆண்களோடு ஒப்பிட்டால் புகைக்கும் ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக வரும் வகையை மட்டும் எடுத்தால் மூன்று மடங்கு. பெண்களுக்குச் சுமார் 1.3 மடங்கு. ஸ்வீடனில் பல ஆண்டுகளாக நடக்கும் ஓர் ஆய்வில், ஆன்டி-சி.சி.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக வந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் புகையின் கணக்கில் எழுதினார்கள். அந்த நாட்டில் பெண்களும் நிறையப் புகைத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இரண்டு மடங்கு என்று படித்ததும் அலறவும் வேண்டாம். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாக வருகிற நோய் இரண்டு மடங்கானாலும் நூறில் இரண்டு பேருக்குள்தான் நிற்கும். நுரையீரல் புற்றுநோயும் மாரடைப்பும் புகைப்பவரை இதைவிட அதிகமாகத் துரத்துகின்றன.

புகை போவது நுரையீரலுக்கு. கைவிரல் ஏன் வீங்குகிறது?

எனக்கு இந்த நோயில் மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் உடலின் புரதங்களில் ஆர்ஜினின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. சில நொதிகள் அதைச் சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றிவிடும். இது உடலில் இயல்பாக நடப்பதுதான். புகை நுரையீரலின் உட்பரப்பை நாள்தோறும் எரிச்சலூட்டும்போது இந்த மாற்றம் அங்கே அதிகமாக நடக்கிறது. சட்டை மாற்றிக்கொண்டு இருட்டில் வந்த வீட்டு ஆளைப் பார்த்து நாய் குரைப்பதுபோல, மாறிப்போன சொந்தப் புரதத்தை அந்நியன் என்று எண்ணி எதிர்ப்பு அமைப்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்குகிறது. ஆன்டி-சி.சி.பி. பரிசோதனை தேடுவது இந்த ஆன்டிபாடியைத்தான்.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்ற மரபணுவின் சில வகைகளைப் பெற்றவர்களிடம் இந்தத் தவறு எளிதாக நடக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் அந்த வகையாக அமைந்து, கூடவே புகைக்கவும் செய்தால், இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிடும்போது ஆன்டி-சி.சி.பி. பாசிட்டிவ் முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு என்று 2006இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மரபணுவும் புகையும் கூட்டலாகச் சேராமல் பெருக்கலாகச் சேர்கின்றன.

இன்னொன்று. நெதர்லாந்தில் ரத்ததானம் செய்தவர்களின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, மூட்டில் ஒரு வலியும் தொடங்காத காலத்திலேயே இந்த ஆன்டிபாடிகள் இருந்தன. பொதுவாக நாலைந்து ஆண்டுகளுக்கு முன்பே. ஆக, விரல் வீங்குகிற நாள் நோய் தொடங்கிய நாள் ஆகாது. “போன மாசம் மழையில் நனைந்தேன், அதிலிருந்துதான்” என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு பொருந்தாமல் போவது இதனால்தான்.

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. அப்புறம் அம்மாவுக்கு எப்படி வந்தது?

நியாயமான கேள்வி. 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைப்பவர்கள். பெண்களில் 2 சதவீதம்தான். நம் பக்கம் இந்த நோயோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் புகைக்கவே புகைக்காத பெண்கள். ஆகவே சொந்தப் புகைப்பழக்கம் நம் ஊர் நோயாளிகளில் பலரது கதையை விளக்காது. வெளிநாட்டு எண்களை அப்படியே தூக்கி இங்கே வைத்து “புகைதான் காரணம்” என்று போஸ்டர் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைப் படிக்கிற ஒரு பெண் என்னவென்று எடுத்துக்கொள்வாள்?

பெண்களுக்கு ஏன் அதிகம் என்பதில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் அடங்கி இருக்கிறது. பிரசவமான சில மாதங்களில் புதிதாகத் தொடங்குவதும், அடங்கியது திரும்பி வருவதும் அதிகம். மாதவிடாய் நிற்கிற வயதை ஒட்டியும் பலருக்குத் தொடங்குகிறது. நீண்ட காலம் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு வாய்ப்புக் குறைகிறது என்று அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடன் ஆய்வில் 13 மாதமோ அதற்கு மேலோ கொடுத்தவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதி.

இவற்றோடு மரபணு, ஈறு நோய், வேலையிடத் தூசி, உடல் எடை, வீட்டில் அடுத்தவர் விடுகிற புகை என்று பல உண்டு. ஒரே நோயாளியிடம் இவற்றில் எது எவ்வளவு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அம்மா எதையோ செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வந்தது என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்துதான் பீடி குடிக்கிறார். அது வீட்டில் இருப்பவர்களைப் பாதிக்குமா?

பாதிக்கும். முடக்குவாதத்தைப் பொறுத்தவரை மிகத் தெளிவாகத் தெரிவது குழந்தைப் பருவம்தான். அமெரிக்காவில் 90,000க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பெற்றோர் புகைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, பின்னாளில் ஆன்டிபாடி பாசிட்டிவ் முடக்குவாதம் வரும் வாய்ப்பு 75 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்கள் பெரியவர்களாகிப் புகைத்தார்களா என்பதையும் கணக்கில் கொண்ட பிறகு வந்த எண் இது.

நான் மேலே சொன்ன தேசியக் கணக்கெடுப்பில், வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்ன பெரியவர்கள் 38.7 சதவீதம். அதாவது, புகைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்தப் புகையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அடக்கம். பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் பிடித்தால் அபராதம் போடலாம். வீட்டுக்குச் சட்டம் கிடையாது, வீட்டார்தான் சட்டம் போட வேண்டும். திண்ணை, பால்கனி, பாத்ரூம் எல்லாம் வீட்டுக்குள் என்றே கணக்கு.

ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோதான். டீயோடு மட்டும். அதற்குக்கூடவா?

ஸ்வீடன் பெண்களிடம் நடந்த ஒரு நீண்டகால ஆய்வில், நாளுக்கு 1 முதல் 7 சிகரெட் வரை பிடித்தவர்களுக்கே, தொடாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தது. எண்ணிக்கையைவிட எத்தனை ஆண்டுகள் பிடித்தார்கள் என்பதும் பெரிதாகவே கணக்கில் வருகிறது. காலையில் டீயோடு ஒன்று, மதியம் சாப்பாட்டுக்கு மேல் ஒன்று, இரவு ஒன்று என்று 25 வருடம் ஓட்டினால் அது 27,000 சிகரெட்டைத் தாண்டும்.

பீடியில் இலைதான் அதிகம், புகையிலை கொஞ்சம். சிகரெட்டைவிடத் தேவலாமா?

தேவலாம் என்று நினைப்பது தப்பு. பீடியில் புகையிலை குறைவு என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் தெந்து இலை காற்றை எளிதாக விடாது, அடிக்கடி அணைந்துபோகும். அணையாமல் வைத்திருக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நுரையீரலுக்குள் போகும் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் குறைவதில்லை. முடக்குவாத ஆய்வுகள் நிறைய சிகரெட் நாடுகளில் நடந்தவை என்பதால் பீடிக்குத் தனி எண் சொல்ல மாட்டேன். நுரையீரலில் நடக்கிற எரிச்சல் இரண்டிலும் ஒன்றுதான்.

வாயில் போடுகிற புகையிலை, ஹான்ஸ், மூக்குப்பொடி?

ஸ்வீடனில் உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் ஒருவகை ஈரப் புகையிலை உண்டு. அதைப் பயன்படுத்துபவர்களிடம் முடக்குவாதம் கூடவில்லை. குற்றவாளி நிக்கோட்டின் இல்லை, எரிந்து நுரையீரலுக்குள் போகும் புகைதான் என்று இதிலிருந்து ஊகிக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் ஹான்ஸுக்கு மாறிவிடாதீர்கள். வாய்ப்புற்றுநோய் வார்டில் இருப்பவர்களில் பலர் மென்றவர்கள்தான்.

இ-சிகரெட்?

2019 முதல் இந்தியாவில் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை. அந்தப் பேச்சை இதோடு விடலாம்.

விட்டுவிட்டால் எத்தனை ஆண்டில் சரியாகும்?

மெதுவாகத்தான் இறங்கும். அமெரிக்கச் செவிலியர் ஆய்வின் 2006ஆம் ஆண்டுக் கணக்கில், நிறையப் புகைத்தவர்களுக்கு விட்ட பிறகும் 20 ஆண்டு வரை கூடுதல் வாய்ப்பு நீடித்தது. 2019இல் அதே ஆய்விலிருந்து வந்த நல்ல செய்தி: விட்டு 30 ஆண்டு ஆனவர்களுக்கு, அண்மையில் விட்டவர்களைவிட 37 சதவீதம் குறைவு. 25 வயதில் விடுகிறவனுக்கும் 50 வயதில் விடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

நோய்தான் வந்துவிட்டதே, இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது?

இதை ஆண் நோயாளிகள் நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மருந்து வேலை செய்வதே குறைகிறது. முடக்குவாதத்துக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் 2011இல் வெளியான கணக்கில், புகைக்காதவர்களில் 36 சதவீதம் பேருக்கு அது நன்றாகக் கேட்டது; புகைப்பவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான். அடுத்த கட்டமாக வரும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் விலை உயர்ந்த ஊசிகளில் வித்தியாசம் இன்னும் கூடியது: 43 சதவீதம், 29 சதவீதம். ஊசிக்கு அலைந்து திரிந்து பணம் புரட்டிவிட்டு, ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் பற்றவைக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், பரிதாபமும் வரும்.

இன்னும் இருக்கிறது. முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை. நுரையீரல் திசு தடித்து இறுகிப்போவது, தோலுக்கடியில் முடிச்சு விழுவது ஆகிய இரண்டும் புகைப்பவர்களிடம் அதிகம். இந்த நோய் இருந்தாலே மாரடைப்பு அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. அதன் மேல் புகையும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

கல்குவாரியில், கிரஷரில் வேலை செய்தால்?

புகைக்கு அடுத்தபடியாக ஆதாரம் இருப்பது இதற்குத்தான். கருங்கல், மணல், களிமண் எல்லாவற்றிலும் இருக்கும் சிலிக்கா, பொடியாகிக் காற்றில் பறக்கும்போது நுரையீரலின் ஆழம் வரை போய்த் தங்கிவிடுகிறது. அதை விழுங்கிய பாதுகாப்புச் செல்கள் செத்துச் செத்து அங்கே ஓயாத அழற்சியை உண்டாக்குகின்றன. 1953இல் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்ரேயைப் பார்த்த அந்தோனி காப்லன் என்ற டாக்டர், முடக்குவாதம் இருந்தவர்களின் நுரையீரலில் விசேஷமான உருண்டை முடிச்சுகள் இருப்பதை எழுதினார். இன்றும் அது காப்லன் நோய்க்குறி என்றே பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

ஸ்வீடனில் கல்தூசியில் வேலை செய்த ஆண்களைப் பார்த்தபோது, பாறை துளைப்பவர்களுக்கு ஆன்டி-சி.சி.பி. பாசிட்டிவ் வகை இரண்டு மடங்குக்கு மேல். கல்தூசியோடு புகைப்பழக்கமும் சேர்ந்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல்.

நம் பக்கம் இது யாரைக் குறிக்கிறது? வானூர் தாலுகாவில் திருவக்கரையைச் சுற்றியிருக்கும் குவாரிகளிலும் ஜல்லி கிரஷர்களிலும் வேலை செய்பவர்கள். எம்.சாண்ட் லாரியில் ஏற்றி இறக்குபவர்கள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை, அகல் விளக்கு செய்யும் பட்டறைகளில் களிமண் பொடி கலப்பவர்கள், காய்ந்த பொருளைத் தேய்த்து வழவழப்பாக்குபவர்கள். இந்தத் தேய்க்கிற வேலையில் பெண்கள் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டட வேலையில் கிரானைட்டையும் டைல்ஸையும் தண்ணீர் ஊற்றாமல் மெஷினில் அறுப்பவர்களும் இதில் சேர்த்தி.

செய்யக்கூடியது: தண்ணீர் தெளித்து அறுப்பது, தெளித்து உடைப்பது. அதுதான் தூசியை எழும் இடத்திலேயே அமுக்கும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதால் பெரிய துகள் நிற்கும், கெடுதல் செய்யும் நுண்துகள் நிற்காது. குறைந்தது என்-95 வேண்டும். வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்க வேண்டாம். சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ், சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்று. முடக்குவாதம் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் “நான் இத்தனை வருஷம் கிரஷரில் இருந்தேன்” என்று நீங்களாகச் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரேயை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

மில் வேலை? பஞ்சுத் தூசி?

மலேசியாவில் பெண்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வில், துணித் தொழிலின் தூசியில் இருந்தவர்களுக்கு முடக்குவாத வாய்ப்பு 2.8 மடங்கு. அந்தப் பெண்களும் நம் ஊர்ப் பெண்களைப்போல் பெரும்பாலும் புகைக்காதவர்கள் என்பதால் ஸ்வீடன் எண்களைவிட இது நமக்கு நெருக்கமாகப் படுகிறது. புதுச்சேரியில் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மில்கள் மூடியாகிவிட்டன. ஆனால் அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் போகிற பெண்கள் இருக்கிறார்கள். வேலை வரலாற்றில் இதையும் சொல்லலாம்.

சிப்காட் காற்றுதான் காரணம் என்கிறார்களே?

கடலூரில் இதைக் கேட்காத ஆள் இல்லை. காற்று மாசுக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பைப் பல நாடுகளில் தேடியிருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் பெரிய சாலைக்கு 50 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்குச் சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது, வேறு சில ஆய்வுகளில் ஒன்றும் தெரியவில்லை. பூச்சிமருந்து தெளிப்பு, விறகடுப்புப் புகை இரண்டும் இதே நிலைதான்: சந்தேகம் உண்டு, சிகரெட்டுக்கும் சிலிக்காவுக்கும் இருக்கும் அளவு உறுதி இல்லை. ரசாயன வாடை அடித்தால் புகார் கொடுக்க முடக்குவாதம் ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை. மூச்சுத்திணறலும் கண் எரிச்சலும் போதும்.

பல்லுக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஈறு நோயில் வாழும் போர்ஃபிரோமோனஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம், மேலே சொன்ன சிட்ருலின் மாற்றத்தைத் தானே செய்யும் நொதி இருக்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களிடம் ஈறு நோய் அதிகம் என்பது பல இடங்களில் பார்த்த செய்தி. புகைப்பவர்களுக்கு ஈறும் கெடுகிறது என்பதால் இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. பல் துலக்கும்போது ரத்தம் வந்தால், பல் ஆடினால் “வலிக்கலையே” என்று விட்டுவிடாமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள். விரல் முடங்கியவர்களுக்குச் சாதாரண பிரஷ்ஷைப் பிடிப்பதே சிரமம். கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தால் பிடிக்கலாம்.

கொஞ்சம் மது நல்லது என்று படித்தேனே?

அளவாகக் குடித்தவர்களுக்கு முடக்குவாதம் குறைவாக வந்ததாகச் சில ஐரோப்பிய ஆய்வுகள் உண்டு. கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ் ஏற அதை ஒரு காரணமாக்க வேண்டாம். நோய் வந்து மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவருக்கு மதுவும் மாத்திரையும் சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள்.

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக்காயை நிறுத்தச் சொல்கிறார்கள். மீன்?

உருளை, தக்காளி, கத்தரி சாப்பிட்டால் முடக்குவாதம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாயுப் பதார்த்தம் என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசம் சாதத்தோடு இளைத்துப்போய் நிற்பவர்கள் உண்டு.

மீன் நல்லது. ஸ்வீடன் பெண்களிடம், கடல் மீனில் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பை நாளுக்கு 0.21 கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு முடக்குவாதம் 35 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கு வஞ்சிரத்துக்குக் காசு கொட்ட வேண்டாம். கடலூர் துறைமுகத்தில் மலிவாகக் கிடைக்கும் மத்தியும் காணாங்கெளுத்தியும் போதும். குழம்பாக வையுங்கள். கருவாடு வேறு கணக்கு: அதிக உப்பு சாப்பிடும் புகைப்பவர்களுக்கு அபாயம் கூடியதாக ஸ்வீடனிலேயே ஒரு முடிவு இருக்கிறது. உடல் பருமனும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது.

மழை, பனி, ஏசி, தலைக்குக் குளிப்பது?

இவற்றால் நோய் வராது. இருக்கும் வலி ஐப்பசி, கார்த்திகையில் கூடுவதாகத் தோன்றுவது பலருக்கு உண்டு. வெந்நீரில் குளிக்கலாம், இதமாக இருக்கும்.

சிக்குன்குனியா வந்ததிலிருந்துதான் வலி. அது முடக்குவாதமாக மாறிவிட்டதா?

2006இல் தமிழ்நாடு முழுக்க ஆட்டிப்படைத்த காய்ச்சல் என்பதால் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. சிக்குன்குனியா மூட்டுவலி முடக்குவாதத்தைப் போலவே இருக்கும்: அதே விரல்கள், அதே காலை இறுக்கம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் போய்விடும், சிலருக்கு மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில்கூட நிற்கும். காய்ச்சலுக்குப் பின் மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால் ஆன்டி-சி.சி.பி. எடுத்துப் பார்ப்பது பயன்படும். ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் பாசிட்டிவாக வந்தால் அதை வைத்து முடிவுகட்ட முடியாது. வேறு பல தொற்றுகளிலும் அது பாசிட்டிவாக வரும்.

அக்காவுக்கு இருக்கிறது. எனக்கும் வருமா? இப்போதே டெஸ்ட் எடுக்கலாமா?

கூடப்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ இருந்தால் உங்களுக்கு வாய்ப்புச் சுமார் மூன்று மடங்கு. ஆனால் மரபணு முழுக்க ஒன்றாக இருக்கும், அச்சு அசலாக ஒரேபோல் தெரியும் இரட்டையரிலேயே, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது 12 முதல் 15 சதவீதம்தான். வலியோ வீக்கமோ இல்லாதவர் டெஸ்ட் எடுத்து ஆவதொன்றும் இல்லை. பாசிட்டிவ் வந்தாலும் நோய் வராமலே போகலாம், வீண் பயம்தான் மிஞ்சும். உங்கள் குடும்பத்தில் புகைப்பவர் யார் என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. மரபணுவும் புகையும் பெருக்கலாகச் சேர்வதால், இந்த நோய் உள்ள வீட்டில் பிறந்தவன் புகைப்பது மற்றவன் புகைப்பதைவிட ஆபத்தான காரியம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும், எங்கே?

விரல் கணுக்களைச் சேர்த்து அழுத்தினால் வலிக்கிறதா, மோதிரம் கழற்ற முடியவில்லையா, காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடிக்கிறதா, இப்படி ஆறு வாரம் ஆகிவிட்டதா? போய்விடுங்கள். தொடங்கிய மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து ஆரம்பித்தவர்களுக்கு மூட்டு பிழைக்கிற வாய்ப்பு அதிகம். அந்த மூன்று மாதத்தை எண்ணெய் தேய்த்தும், மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த மாத்திரை வாங்கி விழுங்கியும் கழிப்பவர்கள்தான் பிறகு விரல் கோணிப்போய் வருகிறார்கள். ஜிப்மரில் இதற்கென்றே கிளினிக்கல் இம்யூனாலஜி துறை இருக்கிறது. கடலூர், சிதம்பரம் அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவப் பிரிவில் முதலில் காட்டி, சீட்டு வாங்கிக்கொண்டும் போகலாம்.

விட வேண்டும் என்று இருக்கிறது, முடியவில்லை. யாரிடம் கேட்பது?

மனஉறுதி இல்லாதவன் என்று வீட்டில் திட்டுவதால் எதுவும் நடக்காது. நிக்கோட்டின் உடம்பையே பழக்கிவிடுகிற சரக்கு. முதல் மூன்று நாள்தான் கடுமை: எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் வரும், அப்புறம் தணியும். நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம்போல் விடாமல் மெல்லாமல், கொஞ்சம் மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டாக்டர் சீட்டோடு தரும் புப்ரோபியான், வரெனிக்லின் மாத்திரைகளும் உண்டு. டீக்கடைச் சகவாசத்தைச் சில வாரம் மாற்றிப் பாருங்கள். டீயைத் தூக்குவாளியில் வாங்கி வந்து வேறு இடத்தில் குடித்தால்கூடப் பலன் தெரியும்.

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். எண்ணைத் தேட வேண்டியதில்லை, 2018 செப்டம்பரிலிருந்து புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. கூப்பிடும்போது முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதையும், மாத்திரைப் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.